வீட்டுக்காரர் கேட்ட கேள்வியும், வரப்போவதாகச் சொல்லும் சட்டமும்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 34, வங்கி அதிகாரி. ஐந்து மாதங்களுக்கு முன்பு இடமாற்றலில் கணவர், ஐந்து வயது மகளுடன் திருச்சிக்கு வந்தவர், மகளின் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு மாடி வீட்டைத் தரகர் மூலம் பார்த்திருக்கிறார். வீடு பிடித்துப்போய், டோக்கன் முன்பணமாக 10,000 ரூபாயைக் கூகுள் பே மூலம் அனுப்பியும் விட்டார். சாவி வாங்கப் போன மாலையில் வீட்டுக்காரர் காபி கொடுத்து உபசரித்தபடியே, "சொந்த ஊர் எது?" என்று கேட்டிருக்கிறார். ஊர்ப் பெயரைச் சொன்னதும், "அந்த ஊரில் எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி. வாசகி தெருப் பெயரை மறைக்காமல் சொன்னார். அன்று இரவு 9.40-க்குப் பணம் திரும்பி வந்துவிட்டது. "மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், வீடு தேவைப்படுகிறது" என்று ஒரு வரி செய்தி. மறுநாள் தரகர் அனுப்பிய குரல் பதிவில், "நம்ம ஆட்களுக்குத்தான் கொடுப்பேன் என்கிறார் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்று இருக்கிறது. மூன்று வாரம் கழித்து அந்த வழியாகப் போனபோதும் வாசலில் டு-லெட் பலகை தொங்கிக்கொண்டிருந்ததாம்.

வாசகி பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். அவருடன் வேலை செய்யும் இஸ்லாமியத் தோழி ஒருவருக்கும் அதே வீட்டில் அதற்கு முந்தைய மாதம் மறுப்பு கிடைத்திருக்கிறது. அவரிடம் சொன்ன காரணம், "சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்."

வாசகியின் கேள்விகளைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பாகுபாட்டுக்கு எதிரான சமத்துவச் சட்டம் நாடாளுமன்றத்தில் வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் படித்தேன், அது அமலுக்கு வரும்வரை காத்திருந்து வழக்குப் போடலாமா? இல்லை, அரசமைப்பின் 15-ஆவது பிரிவை வைத்து நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா? தோழியும் நானும் சேர்ந்து புகார் கொடுக்க முடியுமா? "அவர் வீடு, அவர் விருப்பம், விட்டுவிடு" என்று கணவர் சொல்வது சட்டப்படி சரியா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அந்த "எந்தத் தெரு?" தான். சாதியை வாய்விட்டுக் கேட்காமலே கேட்கத் தெரிந்தவர்கள் நாம். ஊர்ப் பெயர் தெரிந்தால் தெரு, தெரு தெரிந்தால் மற்றதெல்லாம். கேட்டவருக்கு அது சாதாரண விசாரிப்பு என்று சொல்லித் தப்பிக்க வழி இருக்கிறது என்றுதான் நீங்கள் பயப்படுகிறீர்கள். அந்தப் பயத்துக்குப் பாதி காரணம்தான் உண்டு. மீதியைக் கீழே சொல்கிறேன்.

முதலில் வாட்ஸ்அப் செய்தியை ஒதுக்கிவிடுவோம். சாதி, மதம், பாலினம், உடற்குறை என்று எல்லாக் காரணங்களையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து, தனியார் முதலாளிகளையும் வீட்டு உரிமையாளர்களையும் கட்டுப்படுத்தும் ஒரு பொதுச் சமத்துவச் சட்டம் இந்தியாவில் இன்றுவரை இல்லை. நீங்கள் படித்தது அநேகமாகச் சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்த, 2016-ஆம் ஆண்டைப் பெயரில் தாங்கிய பாகுபாடு எதிர்ப்பு மற்றும் சமத்துவ மசோதாவைப் பற்றிய பழைய செய்தியாக இருக்கும். அது தனிநபர் மசோதா, அதாவது அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினர் தன் பெயரில் கொண்டுவருவது. சுதந்திரத்துக்குப் பின் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல். தரூரின் மசோதா 2019-இல் மக்களவை கலைந்தபோது தானாகவே காலாவதியாகிவிட்டது. அதற்கும் முன்பு 2006-இல், முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு சம வாய்ப்பு ஆணையம் வேண்டும் என்றது. அதற்கு வடிவம் கொடுக்க மாதவ மேனன் தலைமையில் அமைந்த நிபுணர் குழு 2008-இல் அறிக்கை தந்தது. ஆணையம் வரவில்லை.

இந்த வரலாற்றைச் சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்ய அல்ல. உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்கிறது, அதற்கு ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. வராத சட்டத்துக்காகக் காத்திருந்தால் இருக்கும் சட்டமும் கைநழுவும்.

15-ஆவது பிரிவு ஏன் போதாது

இந்தப் பிரிவைப் பற்றி எங்களிடம் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் உங்களைப் போலத்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். 15(1) அரசைக் கட்டுப்படுத்துகிறது: "அரசு பாகுபாடு காட்டக் கூடாது." உங்கள் வீட்டுக்காரர் அரசு இல்லை. 15(2) தனியாரையும் தொடுகிறது. ஆனால் அதில் உள்ள பட்டியல் கடைகள், உணவகங்கள், விடுதிகள், பொழுதுபோக்கு இடங்கள், கிணறு, குளம், சாலை என்று போகிறது. வாடகை வீடு அதில் இல்லை. "கடை" என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் உண்டு என்று அரசமைப்பு அவையிலேயே அம்பேத்கர் விளக்கினார். உச்ச நீதிமன்றமும் 2011-இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் அந்த விளக்கத்தைக் கையிலெடுத்துத் தனியார் கல்வி நிறுவனங்கள் வரை நீட்டியது. பலகை மாட்டி ஊரறிய வாடகைக்கு விடும் வீடும் அப்படி ஒரு சேவைதானே என்று ஒரு நல்ல வழக்கறிஞர் வாதிடலாம். நானே வாதிடுவேன். ஆனால் அதை மட்டும் நம்பி ரிட் மனுவோடு உங்களை இறக்கிவிட மாட்டேன். 2005-இல் ஜொராஸ்டிரியன் கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கில், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்ற சங்க விதியை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. எதிர்த்தரப்பு முதலில் நீட்டப்போகும் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

உங்களுக்குப் பொருந்தும் சட்டம்

15-ஐ விட்டு 17-க்கு வாருங்கள். தீண்டாமை ஒழிப்பைச் சொல்லும் 17-ஆவது பிரிவு அரசு, தனியார் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அதைச் செயல்படுத்த வந்த சட்டம் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், ஆங்கிலச் சுருக்கத்தில் பி.சி.ஆர். சட்டம். (நம் ஊர்ப் பேச்சில் "பி.சி.ஆர். கேஸ்" என்றால் பெரும்பாலும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கைத்தான் சொல்கிறார்கள். இரண்டும் வேறு. பெயர்க் குழப்பத்தால் உண்மையான பி.சி.ஆர். சட்டம் காவல் நிலையங்களிலேயே பாதி மறந்துபோய்விட்டது.)

இந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவில் எட்டாவது உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டுவது, வாங்குவது, அதில் குடியிருப்பது ஆகியவற்றில் தீண்டாமையின் பேரில் தடை விதிப்பது குற்றம். "என் வீட்டை நான் கொடுக்கவில்லை, அவ்வளவுதான், அவர் எங்கும் குடியிருக்கக் கூடாது என்று நான் தடுக்கவில்லையே" என்று வீட்டுக்காரர் சொல்வார். அதற்குப் பதில் அதே பிரிவின் விளக்கக் குறிப்பில் இருக்கிறது: தீண்டாமையின் பேரில் காட்டும் எந்தப் பாகுபாடும் "தடை விதிப்பது" என்பதில் அடங்கும்.

இப்போது "எந்தத் தெரு?" கேள்விக்கு வருகிறேன். வீட்டுக்காரரின் மனத்துக்குள் இருந்த காரணத்தை நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள் என்பதுதானே கவலை? 12-ஆவது பிரிவு அந்தச் சுமையை இடம் மாற்றி வைக்கிறது. இச்சட்டப்படி குற்றமாகும் ஒரு செயல் பட்டியல் சாதியைச் சேர்ந்தவருக்கு எதிராக நடந்திருந்தால், அது தீண்டாமையின் பேரில் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்ட வேண்டியது எதிர்த்தரப்பு. மகன் வருகிறான் என்றால் வந்தானா? வரப்போகும் மகனுக்கு எதற்கு டு-லெட் பலகை? இந்தக் கேள்விகளுக்கு இனி பதில் தேட வேண்டியவர் அவர். உங்கள் சாதிச் சான்றிதழ் இந்த அனுமானத்தின் திறவுகோல். புகாரின் முதல் இணைப்பாக அதை வையுங்கள்.

தண்டனையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை அபராதம். 1976 திருத்தத்தில் வைத்த தொகை. இன்றைக்கு அந்த வீட்டின் ஒரு நாள் வாடகை அதைவிட அதிகமாக இருக்கலாம்.

வன்கொடுமைச் சட்டம் வேண்டுமா?

"கடுமையான சட்டத்திலேயே போடலாமே" என்று உங்கள் உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. அந்தச் சட்டத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்கு, அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவர்களுக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் நடந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் சொல்லிவிட்டது. மேலும் உங்கள் வீட்டுக்காரர் வசைச்சொல் எதுவும் பேசவில்லை. காபி அல்லவா கொடுத்தார். 2015 திருத்தத்தில் சேர்ந்த பொருளாதாரப் புறக்கணிப்புக் குற்றத்தை வைத்து முயலலாம் என்பார்கள். ஒற்றை மறுப்பை அதற்குள் பொருத்துவது கடினம். பொருந்தாத பிரிவை ஏற்றிய புகார், பொருந்தும் பிரிவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுவதைப் பார்த்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள். பிரிவைத் தேர்ந்தெடுப்பது விசாரணை அதிகாரியின் வேலை.

காலக்கெடு

இதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஓராண்டு வரை சிறைத்தண்டனை உள்ள குற்றங்களை, சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் பதிவானால்தான் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இதே கணக்குதான். உங்கள் சம்பவத்துக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. மீதி ஏழு.

நாளையே புதிய சமத்துவச் சட்டம் வந்தாலும் அது உங்களுக்கு உதவாது. செயல் நடந்தபோது குற்றமாக இல்லாத ஒன்றுக்காகப் பின்னால் வந்த சட்டத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று அரசமைப்பின் 20(1) தடுக்கிறது. உரிமையியல் சட்டங்களும் வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய முன்னோக்கித்தான் போகும்.

இன்னொரு கெடுவும் உண்டு, அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை: உங்கள் செல்போனின் ஆயுள். ஒருவர் என்னிடம் அருமையான குரல் பதிவு இருக்கிறது என்று வந்தார். கேட்டால், பழைய போனைப் புதிதுக்கு மாற்றிக்கொண்டபோது கடையில் கொடுத்துவிட்டாராம். கையில் இருந்தது தம்பிக்கு அனுப்பி, தம்பியிடமிருந்து திரும்ப வாங்கிய நகல். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தர, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அந்தச் சான்றிதழ் எளிது. தரகரின் பதிவு வந்த போனை விற்காதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். பணம் போன, வந்த விவரத்துக்கு வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து வையுங்கள். வங்கி அதிகாரிக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பலகையைப் படம் எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தால் அதையும் அந்த போனிலேயே விட்டு வையுங்கள்.

தோழியின் நிலை

இனி கசப்பான பகுதி. ஒரே கதவு, ஒரே மனிதர், ஒரு மாத இடைவெளி. உங்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது, உங்கள் தோழிக்கு இல்லை. மதத்தின் பேரில் தனியார் ஒருவர் வாடகைக்கு வீடு தர மறுப்பதைத் தண்டிக்கும் சட்டம் இந்தியாவில் கிடையாது. தமிழ்நாட்டில் 2019 முதல் அமலில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைதாரர் சட்டம் எழுத்துமூல ஒப்பந்தம், முன்பணம், காலி செய்யும் முறை எல்லாவற்றையும் பேசுகிறது. யாருக்கு வீடு மறுக்கக் கூடாது என்பதை அது பேசுவதில்லை. அவர் சிறுபான்மையினர் ஆணையத்திடம் மனு கொடுக்கலாம். ஆணையம் விசாரிக்கும், பரிந்துரைக்கும். வீட்டுக்காரரைத் தண்டிக்க அதற்கு அதிகாரம் இல்லை.

ஆகவே கூட்டுப் புகார் வேண்டாம். உங்கள் புகாரில் அவர் சாட்சியாக வரலாம், அவருக்குச் சம்மதம் இருந்தால். ஆனால் ஓர் ஆபத்தைக் கவனியுங்கள். அவரிடம் வீட்டுக்காரர் சொன்னது "சைவம் மட்டும்" என்று. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொண்டு, "பார்த்தீர்களா, இவருக்கும் உணவுக் காரணம்தான், சாதி இல்லை" என்று திருப்புவார். உங்களிடம் உணவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை வாக்குமூலத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

புதிய சட்டம் வேண்டும் என்று நான் சொல்வது இந்த இடத்தில்தான். தரூரின் மசோதா மறைமுகப் பாகுபாடு என்ற ஒன்றைப் பேசியது. எல்லோருக்கும் பொது விதிபோலத் தோன்றும், ஆனால் குறிப்பிட்ட சிலரை மட்டும் வெளியே நிறுத்தும் நிபந்தனை அது. "சைவம் மட்டும்" பலகையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வீட்டு உரிமையாளர்களையும் அந்த மசோதா தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. காவல் நிலையம், கைது, சிறை என்ற பாதையை விட்டு உரிமையியல் பாதையை முதன்மையாக வைத்தது. பாதிக்கப்பட்டவருக்கு வேண்டியது பெரும்பாலும் இழப்பீடும் மன்னிப்பும்தான். வீட்டுக்காரர் ஒரு மாதம் சிறையில் இருப்பதால் உங்கள் மகளுக்குப் பள்ளி பக்கத்தில் வீடு கிடைத்துவிடாது.

இப்படியொரு சட்டத்துக்கு டெல்லியைத்தான் பார்க்க வேண்டும் என்பதும் இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உறவைப் பற்றி மாநிலங்களும் சட்டம் இயற்றலாம். மேற்சொன்ன 2017 சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்கத் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கே அதிகாரம் உண்டு. "அப்படியானால் என் வீட்டு மாடியில் யார் இருக்கலாம் என்றுகூட நான் முடிவு செய்யக் கூடாதா?" என்று உடனே எதிர்க்குரல் எழும். அது நியாயமான கேள்விதான். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில், உரிமையாளரே அதே வீட்டில் குடியிருந்து சில இடங்களைப் பகிர்ந்துகொள்ளும் சிறிய குடியிருப்புகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் இனப் பாகுபாட்டுக்கு அந்த விலக்கு பொருந்தாது. இங்கே சட்டம் எழுதுபவர்கள் "இனம்" என்ற இடத்தில் "சாதி, மதம்" என்று வைத்தால் எனக்குச் சம்மதம்.

என்ன செய்யலாம்

காவல் நிலையத்தில் எழுத்துமூலப் புகார் கொடுக்கலாம். மாவட்டக் காவல் துறையின் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவையும் அணுகலாம். பி.சி.ஆர். சட்டக் குற்றங்கள் காவல் துறை நேரடியாகப் பதிவு செய்யக்கூடியவை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடப் பார்ப்பார்கள். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள், முதல் தகவல் அறிக்கை வேண்டும் என்று எழுதியும் கொடுங்கள். பதிவு செய்யாவிட்டால் உயர் அதிகாரிக்குப் பதிவுத் தபால், அதற்கும் பலன் இல்லை என்றால் குற்றவியல் நடுவர் முன்பு மனு. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்துக்கு ஒரு நகல் அனுப்புவது, கோப்பு தூங்காமல் இருக்க உதவும். செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு இல்லாமலே சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். உங்கள் சம்பளம் தடையாகாது.

ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி, எழுத்தில் மன்னிப்புக் கேட்கச் செய்வது இன்னொரு வழி. சிலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. எதுவும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான், அதைத் தேர்ந்தெடுத்தால் உங்களைக் கோழை என்று நான் நினைக்கப்போவதில்லை. வழக்கு இழுக்கும், வாய்தாவுக்கு விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும், தரகர் நீதிமன்றத்தில் ஏறி "நான் அப்படிச் சொல்லவில்லை" என்பார். செய்யவே கூடாத ஒன்று, வீட்டுக்காரரின் பெயரையும் முகவரியையும் முகநூலில் போடுவது. அவதூறு வழக்கு என்று அவர் கையில் நீங்களே ஓர் ஆயுதத்தைக் கொடுத்துவிடுவீர்கள்.

கடைசியாக உங்கள் கணவர். "அவர் வீடு, அவர் விருப்பம்" என்பது உங்கள் தோழியின் விஷயத்தில் இன்றைய சட்டப்படி ஏறத்தாழ உண்மை. உங்கள் விஷயத்தில் தவறு. ஆனால் அவரிடம் சட்டம் பேசி ஜெயிக்க முயலாதீர்கள். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்: அன்று மாலை சோபாவில் உங்களுக்குப் பக்கத்தில் அவரும் உட்கார்ந்திருந்தார், கேள்வி வந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார் என்று. தரகர் பின்வாங்கினால், அந்தக் கேள்வியைக் காதால் கேட்டவர் உங்களைத் தவிர அவர் ஒருவர்தான். புகாரை எழுத உட்காருவதற்கு முன், அன்றைக்கு அவர் ஏன் டம்ளரைக் கீழே வைத்தார் என்று கேளுங்கள்.